கீழவீதிக்குக் கலர் வந்த கதை

ரயில்வே கேட்டுக்கும் ஆற்றுப் பாலத்துக்கும் நடுவே அடங்கிக் கிடக்கிற நெடுங்காட்டுவலசு என்கிற ஊரில், யார் எதைப் படம் பிடித்தாலும் அது ஏதோ ஒரு செடியின் உட்புறமாக விழ ஆரம்பித்தது எந்த நாளில் என்று கேட்டால், ஊர்க்காரர்கள் மாரியம்மனுக்கு நோன்பு சாட்டிய வாரம் என்பார்கள், ஸ்டுடியோ அர்த்தநாரி தன் பிரிண்டருக்குப் புது மை ஊற்றிய மறுநாள் என்பான், பூவாத்தாள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் குழாயைப் படம் புடிக்கச் சொன்னனே, அன்னைக்கு" என்பாள். அவள் சொன்னதுதான் சரி, ஆனால் சொன்னது சரியாக இருந்ததற்காக அந்த ஊரில் யாரும் அவளை ஒரு வாய் காப்பிக்குக்கூடக் கூப்பிட்டதில்லை.

பூவாத்தாள் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவள். பஞ்சாலையில் நூல் ஓட்டிய காலத்தில் தொழிற்சங்கக் கேட் கூட்டங்களில் கொடுத்த நோட்டீசுகளை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டியே படிக்கக் கற்றுக்கொண்டாள், அதனால் அவள் எழுதுகிற எந்த வரியும் ஆச்சரியக்குறி இல்லாமல் முடியாது. ஆலை மூடி, செங்கொடிக் கம்பம் துருவேறி, கூட நின்று கோஷம் போட்டவர்களில் பாதிப்பேர் பைனான்ஸுக்கும் மீதிப்பேர் ஜோசியத்துக்கும் போன பிறகும், அவள் மட்டும் கீழவீதியில் தன் ஓட்டு வீட்டில் உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் மனு எழுத ஒரு முறை உண்டு: முதலில் வெள்ளைத்தாளின் கீழ்ப்பாதியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், மேல்பாதியை எழுதத் தெரிந்தவர் பிறகு நிரப்பிக்கொள்வார், ஏனென்றால் எழுதி முடிக்கிறவரை காத்திருக்கவோ எழுதியதைப் படித்துப் பார்க்கவோ யாருக்கும் பொறுமை கிடையாது. பூவாத்தாளின் தாள்களில் மட்டும் கீழ்ப்பாதியும் வெள்ளையாகவே இருந்தது. அவளுடைய மனுக்கள் எல்லாம் தண்டபாணியின் சாயப்பட்டறையைப் பற்றியவை, தண்டபாணியோ பாதி ஊருக்கு வேலை கொடுப்பவர், மீதி ஊருக்குத் தன் கல்யாண மண்டபத்தைப் பாதி வாடகைக்கு விடுபவர்.

பட்டறையின் பின்சுவரிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு முள்ளுக்காட்டுக்குள் போய் மறைவதை அவள் பார்த்திருந்தாள். அதைச் சொன்னபோது மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருந்தவர்கள், ஒரு சொட்டும் வெளியே விடுவதில்லை என்று பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறாரே, உங்களிடம் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள். காம்பவுண்டுக்கு வெளியே நின்று எடுத்தால்கூட வம்பு வரும் என்று நடுங்கிய அர்த்தநாரியை அவள் கெஞ்சி, திட்டி, அவன் அப்பன் செத்தபோது ஆலையில் பிணத்தை வைத்து நியாயம் கேட்டது யார் என்று ஞாபகப்படுத்தி, ஒருவழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். குழாயை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் நிறைய எடுத்தான். பிரிண்ட் போட்டால், குழாயின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஓராயிரம் சின்ன வாய்கள் இருந்தன: வெள்ளிக் கம்பியால் இழைத்தது மாதிரி வளைந்து வளைந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட கோடுகளும், அவற்றின் நடுவே நடுவே இரண்டு உதடுகள் பாதி திறந்தது மாதிரி துளைகளும்.

"மெசின் கெட்டுப்போச்சுங்க்கா" என்றான் அர்த்தநாரி.

"உன்ற மெசின் என்னைக்குத்தான்டா நல்லா இருந்துச்சு?" என்று திட்டிவிட்டு, வேறு போக்கில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு போனாள். அதிகாரி படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். "ஒரு காப்பி எனக்குக் கிடைக்குமா?" இரண்டு வாரம் கழித்து அவள் மறுபடி போனபோது, அது கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் நாற்காலிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது, அவள் மனு எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஸ்டுடியோவில் மட்டுமில்லை, எந்தப் போனில் எடுத்தாலும், ரயில்வே கேட்டைத் தாண்டாதவரை, செடிதான் விழுந்தது. ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் ஒரே ஆளை எத்தனை தரம் எடுத்தாலும் ஒரே படம். மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிற ஜெயசீலி டீச்சர்தான் ஒவ்வொன்றையும் பார்த்து, இது சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டு, வட்டமாக முத்து கோத்த மாதிரி நிற்கிறது பார், இது ஆம்பல் காம்பு, அந்தக் காற்று அறைகளுக்குள் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரிகிறதே அதுதான் அதற்கு எலும்பு, இது செம்பருத்தி மகரந்தம், அதனால்தான் உடம்பெல்லாம் முள், என்று பேர் சொன்னாள். முதல் மாதம் ஊர் கொஞ்சம் முனகியது. இரண்டாவது மாதம் பழகிவிட்டது. ரேஷன் கடைக்காரன், "சோளத்தட்டு வந்துட்டுப் போச்சு, வாழைத்தண்டு இன்னும் வரல" என்று ஆளைக் கணக்கு வைத்தான். மாப்பிள்ளை போட்டோ கொண்டுவந்த தரகரிடம் பெண்ணின் அப்பா, "தண்டு நல்லாத்தான் இருக்குது, நடுவுல என்ன பொக்கையா இருக்குது?" என்று கேட்டார், தரகர், "பூசணிக்கொடி அப்படித்தானுங்க இருக்கும், ஆனா காய்ப்பு என்னா காய்ப்பு!" என்றார். ஆலமரம் விழுந்தவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள், அரசமரம் விழுந்தவர்கள் போட்டிச் சங்கம் வைத்தார்கள். கவுன்சிலரின் பிறந்தநாள் பேனரில் அவர் படம் பார்த்தீனியமாக விழுந்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "இதுவும் சூரியகாந்திக் குடும்பந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள். தண்டபாணிக்கு அரளி இலை விழுந்தது, அடியில் பள்ளம் பள்ளமாகக் குழி விழுந்து, குழிக்குள் மயிர் அடர்ந்து. சாமிக்குப் போடுகிற பூவாச்சே என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

பூவாத்தாள் மட்டும் படமே எடுத்துக்கொள்ளவில்லை. "ஒரு கொலை நடந்தாக்கூட இந்த ஊருல இனி சாட்சிக்குப் பூவும் பிஞ்சுந்தான்" என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் சொல்கிற எதுவும் இப்போதெல்லாம் நகைச்சுவையாகவே போய்ச் சேர்ந்தது.

ஆரம்பத்தில் எல்லாப் படங்களும் வெளிறியவைதான், கண்ணாடியில் மூச்சு விட்டு விரலால் கோடு கிழித்த மாதிரி. அதையே ஊர் ஆசையாசையாகப் பார்த்தது. சித்திரை வெயிலில் கீழவீதி வாய்க்கால் வற்றி, அந்த வீதிக்காரர்கள் எல்லாரும் ஆழ்துளைப் போர்த் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது, நாக்கில் மட்டும் லேசாகத் துரு. அதற்குப் பிறகு கீழவீதியில் நடந்த முதல் கல்யாணத்தில்தான் அது நடந்தது: ஆல்பத்தைத் திறந்தால், மேலவீதிப் பெண் வழக்கம்போல வெளிறிய தண்டாக நிற்க, பக்கத்தில் கீழவீதி மாப்பிள்ளையின் தண்டுக்குள் ஒவ்வொரு குழலும் மயில்கழுத்து நிறத்தில் மினுங்கியது. வட்டம் வட்டமாக, வரிசை வரிசையாக, நீலத்தில் கொஞ்சம் பச்சையும் ஊதாவும் ஓடி, பட்டுப்புடவை பார்டர் தோற்றது.

"கீழவீதிக்குக் கலர் வந்துருச்சு!" என்று ஊரே ஆல்பத்தைப் பார்க்க வந்தது. காலம் காலமாக மேலவீதிக்காரர்களிடம் எதற்கும் கைகட்டி நின்ற வீதி, முதன்முதலாகத் தன்னிடம் மட்டுமே இருக்கிற ஒன்றைக் கண்டு நெஞ்சு நிமிர்ந்தது, அந்த நெஞ்சை அமுக்கிப் பேசப் பூவாத்தாளுக்கே ஒரு நாள் மனசு வரவில்லை. மறுநாள் ஜெயசீலி டீச்சர் அவளைத் தேடி வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினாள், ஏனென்றால் பள்ளிக் கமிட்டிக்குத் தலைவர் தண்டபாணி.

"அக்கா, காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மை கலந்த தண்ணியில வெச்சா என்ன ஆகும்?"

"எனக்கென்னம்மா தெரியும், நான் என்ன பள்ளிக்கூடம் போனனா?"

"தண்டு சிவப்பாயிரும். தண்ணி ஏறுற குழலெல்லாம் சிவப்புக் கோடாத் தெரியும். வெறும் தண்டை வெட்டிப் பாத்தா ஒண்ணுமே தெரியாது, கண்ணாடி மாதிரி இருக்கும். நாங்க சாயம் போட்டுத்தான் பாப்போம், சாயம் போய் எங்க ஒட்டுதோ அதுதான் கண்ணுக்குப் படும்." டீச்சர் குரலைத் தணித்தாள். "இவங்களுக்கு யாரும் சாயம் போடலை. இவங்க குடிச்சிருக்காங்க."

பூவாத்தாள் அன்றைக்கே நோட்டீஸ் அடித்தாள். போர்த் தண்ணீரைக் குடிக்காதீர்! அது கலர் அல்ல, கழிவு! வீடு வீடாகக் கொடுத்தாள். ஊர் அதைப் படித்து, வேறு விதமாகப் புரிந்துகொண்டது. அதுவரை கலர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஏங்கிக்கொண்டிருந்த மேலவீதிக்காரர்கள், அது போர்த் தண்ணீரில் வருகிறது என்று நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். சாயங்காலமே குடத்தை எடுத்துக்கொண்டு வரிசை கட்டினார்கள். கல்யாணம் நிச்சயமான பெண்களைக் கீழவீதிச் சொந்தக்காரர் வீடுகளில் ஒரு மாதம் தங்க வைத்தார்கள். கீழவீதியில் சொந்தம் இல்லை என்று அதுவரை சத்தியம் செய்தவர்கள் எல்லாம் சொந்தம் கண்டுபிடித்தார்கள். வாய்க்காலுக்குத் தண்ணீர் திரும்பிய பிறகும் ஒருவரும் அதைத் தொடவில்லை.

"ஏனுங்க்கா, எத்தன செம்பு குடிச்சா ஊதா வரும்?" என்று ஒருத்தி அவளிடமே கேட்டாள்.

"நீ சாவற வரைக்கும் குடி, கருப்பே வரும்" என்றாள் பூவாத்தாள்.

"கருப்பு நல்லா இருக்காதுங்க்கா" என்றாள் அவள், உண்மையான கவலையோடு.

இதெல்லாம் ஊர்ப்பாடு, ஊர்ப்பாட்டைப் பட்டே பழகியவள் பூவாத்தாள். ஆனால் மேலவீதியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் செம்மலர், முதல் பிள்ளை வயிற்றில் இருக்க, ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து நின்றபோது அவள் கண் முதலில் போர்த் தண்ணீர்க் குடத்துக்குத்தான் போயிற்று. வளைகாப்பு மாதிரி நடக்கிற கட்டுச்சோறு விருந்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆசையாக இருந்தது, வந்தேன் என்றாள் செம்மலர். பூவாத்தாள் நம்பவில்லை. பால்காரன் வண்டியில் சொல்லிவைத்து மேலவீதிக் குழாய்த் தண்ணீரைக் கேனில் வரவழைத்து வைத்தாள், போர்த் தண்ணீர்க் குடத்தை வாசலிலேயே கவிழ்த்தாள், மகள் அடுப்படிப் பக்கம் போனாலே பின்னாலேயே போனாள். ஆனால் நாள் முழுக்க நோட்டீசும் கையுமாகச் சுற்றுகிற ஒருத்தியால் எவ்வளவு காவல் காக்க முடியும்? பக்கத்து வீட்டில் ஒரு செம்பு, எதிர்வீட்டில் ஒரு செம்பு, செம்மலர் குடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கட்டுச்சோறு விருந்துக்குத் தட்டு வரிசையாகப் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் எள்ளுச்சோறும் வந்து இறங்கின, சம்பந்தியம்மா வளையல் போட்டாள், அர்த்தநாரி படம் எடுத்து மாலையே பிரிண்ட் கொண்டுவந்தான். பிள்ளைத்தாய்ச்சிகளை எடுத்தால் மட்டும் தண்டு விழாது, பூவின் சூலகம் விழும் என்பது ஊருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. செம்மலருடையதைப் பார்த்து வீடே வாயைப் பிளந்தது. அறை அறையாகப் பிரிந்த ஒரு வட்டம். அதன் சுவரெல்லாம் நீல நரம்பு, நரம்பிலிருந்து நரம்பு கிளைத்து, கோலத்தின் கடைசிப் புள்ளியைத் தேடுகிற இழை மாதிரி உள்ளே உள்ளே போயிற்று. நடுவில் ஒரு சின்னக் காம்பு, காம்பின் நுனியில் ஒற்றைச் சூல், இன்னும் வெள்ளையாக, பனித்துளி மாதிரி. நீலம் காம்பில் பாதிவரை ஏறி நின்றிருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் போனா உள்ளயும் புடிச்சுக்கும்" என்றாள் சம்பந்தியம்மா, பூரித்துப்போய். "பொறக்கறப்பவே கலரோட பொறக்கும் எங்க ஊட்டுப் பிள்ளை."

எல்லாரும் போன பிறகு பூவாத்தாள் மகளின் முன்னால் படத்தைப் போட்டாள். "படிச்சவதானடி நீ?"

"ஆமா."

"இது என்னன்னு தெரியுமா?"

"தெரியும். நல்லா இருக்குது." செம்மலர் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உனக்கு எதும்மா நல்லா இருந்துச்சு இதுவரைக்கும்? சின்னதுல இருந்து எனக்குன்னு ஒரு நல்ல போட்டோ உண்டா? எல்லாத்துலயும் உன்ற கைல கொடி, என்ற கைல நோட்டீசு, பின்னால போலீஸ் வேன். பேரே செம்மலரு, கொடிக்குத் துணி பத்தலைன்னு வெச்ச மாதிரி. ஒரே ஒரு படம் அழகா இருந்துட்டுப் போகட்டுமேன்னு குடிச்சேன்."

  பூவாத்தாள் படத்தை எடுத்து, நீலம் நின்றிருந்த இடத்துக்கும் வெள்ளைச் சூலுக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியில் தன் கட்டைவிரலை வைத்தாள். நகத்தின் அகலம்கூட இல்லை.

"இனிமே குடிக்காத கண்ணு" என்றாள். அவள் அந்தத் தொனியில் பேசியே செம்மலர் கேட்டதில்லை. அதனால் பயந்துபோய்த் தலையாட்டினாள். ஆனால் குளிக்கிற தண்ணீரும் சோறு வடிக்கிற தண்ணீரும் அதே மண்ணின் தண்ணீர்தான், அதற்குள் மேலவீதிக் குழாயிலும் துரு தட்ட ஆரம்பித்திருந்தது.

அந்த மாதம்தான் பட்டறையை இரண்டு மடங்காக்குவதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள், தண்டபாணியின் மண்டபத்திலேயே. ஊர் அதற்கு வேறு ஏற்பாடும் செய்திருந்தது: கலர் கொடுத்தவருக்குப் பொன்னாடை. கலர் தண்ணீரில் வருகிறது, சாயம் என்றால் தண்டபாணி என்று ஊர் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டதே தவிர, தண்டபாணி இதுவரை வாயைத் திறந்து ஆமாம் என்றதில்லை. புன்னகை மட்டும் செய்வார். சுவரெங்கும் படங்களை மாட்டியிருந்தார்கள். அதிகாரி, அதே அதிகாரி, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று வந்து மேடையில் உட்கார்ந்து, "ஆட்சேபம் இருக்கறவங்க பேசலாம்" என்றார்.

பூவாத்தாள் எழுந்தாள். "ஆரம்பிச்சுட்டாங்கடா சாமி" என்று பின்வரிசை முனகியது.

"எனக்கு ஆட்சேபமே இல்லீங்க" என்றாள் அவள். பின்வரிசை எட்டிப் பார்த்தது. "பொன்னாடையப் பத்தித்தான் ஒரு வார்த்தை. அது ஆள் மாறிப் போகப் பாக்குது. இவரு பட்டறைத் தண்ணி ஒரு சொட்டும் வெளிய வர்றதில்லைன்னு இவரே எழுதிக் குடுத்திருக்கார். பெரிய மனுசன், பொய்யா சொல்லுவாரு? அப்ப இந்தக் கலரு இவருது எப்படி ஆகும்? பாலத்துக்கு அந்தப் பக்கம் குமரேசன் பட்டறை இருக்குதல்ல, அவருதுங்க இது. ஆத்தோட ஊறி வந்திருக்குது. பாவம், அந்த மனுசன் தனக்கு இப்படி ஒரு பேரு இருக்கறதே தெரியாம உக்காந்திருக்கார். பொன்னாடைய அவருக்குக் குடுத்தனுப்பறதுதான் மொறை."

கூட்டம் குசுகுசுத்தது. "அதுவும் சரிதானே" என்றார் ஆலமரச் சங்கத் தலைவர். "குமரேசனுக்கு இப்பவே ஒரு போன் போடலாமா?" என்றார் அரசமரச் சங்கத் தலைவர், முந்திக்கொள்கிற வேகத்தில். தட்டோடு பொன்னாடையை வைத்திருந்த பெண்கள் மேடைப்படியில் ஏறியவர்கள் இறங்கினார்கள்.

தண்டபாணி கொஞ்ச நேரம் புன்னகை செய்துபார்த்தார். பொன்னாடை இன்னும் ஒரு படி இறங்கியது. குமரேசன் அவருக்குப் பங்காளி, இரண்டு தலைமுறைப் பகை.

"குமரேசனா?" என்று எழுந்துவிட்டார். "அவன்ற சாயத்துல நனைச்ச துணி மூணாந்தண்ணிக்கு வெளுத்துப்போயிரும்! இது ரத்தத்துலயே நிக்குது, பாருங்க! இந்த மயில்கழுத்து நெறத்தை இந்த ஜில்லாவுலயே என்னைத் தவிர எவன் எடுக்கறான்? வரச்சொல்லு பாக்கலாம்!"

"அய்யா, ஒரு சொட்டும் வெளியே போறதில்லைன்னு நீங்க..." என்று அதிகாரி ஆரம்பித்தார்.

"வெளிய எங்கீங்க போகுது? என்ற காட்டுக்குள்ள, என்ற கிணத்துக்குள்ள போகுது! எங்க பாட்டன் வெட்டுன கிணறு. அங்கிருந்து கீழவீதிப் போருக்கு நேரா ஊத்துக்கண்ணு. பின்ன கலரு என்ன வானத்துல இருந்தா வரும்? நம்பிக்கை இல்லீன்னா வாங்க, நானே காட்டறன்."

கூட்டத்தில் பேசியதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் குமாஸ்தா பேனாவை நிறுத்தவில்லை. பூவாத்தாள் தட்டிலிருந்த பொன்னாடையை எடுத்தாள், மேடை ஏறினாள், தண்டபாணியின் தோளில் அதைப் போர்த்தி, இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தாள்.

"மன்னிச்சுக்கோணுங்க. இது உங்களுக்குத்தான்" என்றாள்.

அவர் பொன்னாடையோடேயே முன்னால் நடந்து, முள்ளுக்காட்டை விலக்கி, அதிகாரிக்கும் குமாஸ்தாவுக்கும் ஊருக்கும் தன் பாட்டன் கிணற்றைக் காட்டினார். கிணறு நிறைய மயில்கழுத்து நீலம். ஊர் கைதட்டியது. அதிகாரி மட்டும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். தன் நாற்காலிக்கு மேலே தொங்குகிற படம் எந்தக் குழாயின் படம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

பட்டறைக்கு மின்சாரம் போயிற்று, சீல் விழுந்தது. அதோடு ஊரின் வெறுப்பும் முழுசாகப் பூவாத்தாளின் வாசலில் வந்து விழுந்தது. வேலை போனவர்கள் திட்டியதை அவள் வாங்கிக்கொண்டாள். அதில் நியாயம் இருந்தது, அவர்களுக்குச் சேர வேண்டிய சம்பளத்துக்காகப் பட்டறைக் கேட்டுக்கு முன்னால் அவளே போய் உட்காரவும் செய்தாள். ஆனால் வாரத்துக்கு வாரம் படங்களில் நீலம் தேய்ந்து, ஊதாவாகி, சாம்பலாகி, பழைய வெளிறிய கோடுகளுக்கே திரும்பியபோது, வேலை போகாதவர்களும் திட்டினார்கள். "கலரைக் கெடுத்தவ" என்று அவளுக்குப் பேர் வந்தது. கல்யாணங்கள் தள்ளிப்போயின. பால்காரன் அவள் வீட்டைத் தாண்டிப் போனான். கலர் வருவதற்கு முன்னால் இதே வெளிறிய படங்களைத்தான் வாயைப் பிளந்து பார்த்தோம் என்பது ஒரு மனுசனுக்கும் ஞாபகம் இல்லை.

செம்மலருக்குப் பெண் பிறந்தது. பெயர் வைத்த அன்றைக்கு அர்த்தநாரி வந்து படம் எடுத்து, பிரிண்டைக் கொடுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டே கொடுத்தான். வெள்ளை. மூலைக்கு மூலை வெறும் வெள்ளை.

அந்த வாரக் கடைசியில் ஊர் அவள் வீட்டுக்கு வந்தது. சங்கத் தலைவர்கள் இருவரும், கவுன்சிலரும், சம்பந்தியம்மாவும், எத்தனை செம்பு குடிக்க வேண்டும் என்று கேட்டவளும், வாசலும் நடையும் நிறையும்படி. பட்டறையைத் திறக்கச் சொல்லி மேலிடத்துக்கு மனுக் கொடுக்கப்போகிறார்களாம். ஊரில் மனு எழுதத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லையாம்.

"என்னைய எழுதச் சொல்றீங்க" என்றாள் பூவாத்தாள்.

"உங்களாட்ட ஆருங்க்கா எழுதுவாங்க?" என்றார் கவுன்சிலர். "வெட்டுக் குத்துப் பகையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். ஊர்க் காரியம்."

சம்பந்தியம்மா சுவரில் மாட்டியிருந்த பேத்தியின் படத்தைப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "பாருங்க, இந்தக் கொழந்தைக்குப் படமே விழுகல."

"விழுந்திருக்குது" என்றாள் பூவாத்தாள். படத்தைக் கழற்றி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். "பக்கத்துல வாங்க. இன்னும் பக்கத்துல. கண்ணுதானே இருக்குது எல்லாருக்கும்?"

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்க்கப் பார்க்க, வெயில் தாளின் பின்னாலிருந்து ஊறி வர, ஒரு முளைக்குருத்தின் நுனி மெல்ல மெல்ல எழுந்தது: தண்ணீரில் தண்ணீரால் கோடு போட்ட மாதிரி, சின்னஞ்சிறு அறைகள், அறைக்குள் அறை, ஒன்று இரண்டாகப் பிரிகிற நேரத்தில் பிடிபட்டது, பிரிந்து முடிந்து அடுத்ததைத் தள்ளுவது, எல்லாம் நெருக்கிக்கொண்டு மேலே மேலே ஏறி நின்றன. எங்கும் ஒரு சொட்டுக் கறை இல்லை. ஒருவரும் தலையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. செம்மலர் குழந்தையோடு வந்து கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தாள், அவள் கண் நிறைந்துவிட்டது. பூவாத்தாளுக்கு, நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு கூட்டம் தன் பக்கம் சாய்கிற மாதிரி இருந்தது.

"அடேங்கப்பா" என்று பெருமூச்சு விட்டார் ஆலமரச் சங்கத் தலைவர். "இதுக்கு மட்டும் கலர் போட்டா எப்படி இருக்கும்!"

"ஆமாங்!" என்றது ஊர்.

பூவாத்தாள் படத்தைத் திரும்பச் சுவரில் மாட்டினாள். ஆணி கோணலாக இருந்தது, அதை உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்து நிமிர்த்தினாள். பெட்டியைத் திறந்து ஒரு கத்தைத் தாளை எடுத்துப் போட்டாள்.

"எழுதறேன். கையெழுத்தைப் போடுங்க."

போட்டார்கள். போட்டியில் போட்டார்கள். ஆலமரம் போட்ட தாளில் அரசமரம் இன்னும் பெரிதாகப் போட்டது, கைநாட்டு வைக்கிறவர்கள் வரிசையில் நின்று வைத்தார்கள், வராதவர்களுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். அவள் ஆயுசில் பார்த்தறியாத கையெழுத்துகள் தாள் தாளாகக் கீழ்ப்பாதியில் நிறைந்து, மேல்பாதி மட்டும் பேத்தியின் படம் மாதிரி வெள்ளையாக இருந்தது.

"கலரைப் பத்தி நல்லா அழுத்திப் போடுங்க்கா" என்று சொல்லிவிட்டுக் கடைசி ஆளும் போனார்.

"அழுத்தித்தான் போடறேன். போயிட்டு வாங்க" என்றாள் அவள்.

பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். செம்மலர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்து, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று படித்தாள். ஐயா, கீழே கையொப்பம் இட்டுள்ள நெடுங்காட்டுவலசுப் பொதுமக்களாகிய நாங்கள் அனைவரும் ஒருமனதாகக் கேட்டுக்கொள்வது: பாட்டன் கிணற்றை உடனே சுத்தம் செய்! போரை மூடு! கீழவீதிக்கு நல்ல குடிதண்ணீர் கொடு! கெடுத்தவன் செலவில் கொடு!

"அம்மா, அவுங்க கேட்டது இதில்ல."

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்கடான்னு நாப்பது வருசமா நோட்டீசு குடுத்தேன் கண்ணு. ஒருத்தன், ஒருத்தனாச்சும் படிச்சானா?" என்ற பூவாத்தாள், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, இன்னொரு ஆச்சரியக்குறி போட்டாள்.